தலைக்கு மேலே ஒரு சாண்

மும்பை செம்பூரில் இருக்கும் என் அக்கா மகன், வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். சனி, ஞாயிறு வந்தால் டி.ஜே. ஆகிவிடுவான். கல்யாண ரிசப்ஷன், பிறந்தநாள், குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டுவிழா என்று எது கிடைத்தாலும் போவான். ஒரு தமிழ்ப் பாட்டின் வாலில் மராத்திப் பாட்டின் தலையை முடிந்து, அங்கிருந்து இந்திக்குத் தாவுவான். ஆடுகிறவர்களுக்குப் பாட்டு மாறியதே தெரியாது.

போன மாதம் ஒரு பென் டிரைவுடன் வீட்டுக்கு வந்தான். "மாமா, இதைக் கொஞ்சம் சரிபண்ண முடியுமா?"

முப்பது வருஷம் ஒலிப்பதிவுக் கூடத்தில் குப்பை கொட்டியவன் என்பதால், குடும்பத்தில் எந்த ஸ்பீக்கர் இருமினாலும் வைத்தியத்துக்கு என்னிடம்தான் வரும். ஆனால் இது வேறு விஷயம். டிசம்பரில் அவன் தங்கையின் கல்யாண ரிசப்ஷன் நடந்தது. இரண்டு மணி நேரம் பாட்டு போட்டவன் அவனேதான். முழுவதையும் பதிவும் செய்திருந்தான். நடுவில் என் அத்தான், அதாவது அவன் அப்பா, மைக்கை வாங்கி நான்கு நிமிஷம் பேசினார். அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. மேடையில் அவர் பேசியது அதுதான் முதல் தடவை. மார்ச் மாதம் மாரடைப்பில் போய்விட்டார். கைபேசியில் பிடித்த வீடியோக்களில் பக்கத்தில் நின்றவர்களின் அரட்டைதான் கேட்கிறது. அவர் பேச்சு முழுசாக இருப்பது இந்தப் பதிவில் மட்டும்.

ஓடவிட்டுக் கேட்டேன். தகரத்தில் ஆணியால் கீறுவதுபோல இருந்தது. வார்த்தைகள் பாதி புரிகின்றன. குரல் அவருடையது இல்லை.

"மண்டபத்துல நல்லாத்தானே மாமா கேட்டுது?" என்றான்.

மண்டபத்தில் நன்றாகத்தான் இருந்திருக்கும். டி.ஜே. மிக்சரிலிருந்து ஒரு வயர் ஆம்ப்ளிஃபயர் வழியாக ஸ்பீக்கருக்குப் போகிறது. இன்னொரு வயர் ரெக்கார்டருக்குப் போகிறது. இரண்டும் தனித்தனிப் பாதை. முதல் பாதையில் சத்தம் அதிகமானால் நூறு பேர் காதைப் பொத்திக்கொண்டு சொல்லிவிடுவார்கள். இரண்டாவது பாதையில் அதிகமானால் சொல்ல யாருமில்லை. ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் அதை யார் பார்க்கிறார்கள்?

அந்தச் சிவப்பு விளக்கு என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வது கடினமில்லை. இன்றைய ஒலிப்பதிவு கணக்கெழுதும் வேலை. வயரில் வரும் மின்னழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. ரெக்கார்டர் அதை விநாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு தடவையும் ஓர் எண்ணைக் குறித்துக்கொள்கிறது. 1982இல் கடைக்கு வந்த காம்பாக்ட் டிஸ்க்கின் கணக்கு இது. 16 பிட் பதிவில் குறிக்கக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. அதற்கு மேல் எழுத எண்ணே கிடையாது. 40,000 அளவுக்கு வந்தாலும் 32,767தான், 60,000 அளவுக்கு வந்தாலும் 32,767தான். இளநீரின் தலையைச் சீவுவதுபோல ஒலி அலையின் உச்சி தட்டையாகச் சீவப்பட்டுவிடும். சீவிய விளிம்பில் அசல் ஒலியில் இல்லாத புதுப்புது ஒலிகள் பிறக்கும். நாம் கேட்கும் கரகரப்பு அதுதான்.

சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. பக்கத்து எண்களைப் பார்த்து, காணாமல் போன உச்சியை ஊகித்து நிரப்பும் மென்பொருள்கள் உண்டு. எங்கோ ஒன்றிரண்டு இடத்தில் தொட்டுவிட்டுப் போயிருந்தால் பிழைத்துக்கொள்ளும். நான்கு நிமிஷமும் சீவித் தள்ளியிருந்தால், அந்த மென்பொருள் ஊகிக்கும் குரல் அத்தானுடையதாக இருக்காது.

பழியில் கொஞ்சம் என் தலைமுறைக்கும் உண்டு. எண்பதுகளில் தமிழ்நாட்டில் தெருவுக்கொரு ரெக்கார்டிங் கடை இருந்தது. பாட்டுப் பட்டியலும் ஒரு டி.டி.கே. 90 கேசட்டும் கொடுத்தால், இசைத்தட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பதிந்து தருவார்கள். இன்றைய டி.ஜே.க்களின் மூதாதையர் அந்தக் கடைக்காரர்கள் என்றே சொல்லலாம். கேசட்டில் 'உஸ்' என்ற இரைச்சல் எப்போதும் இருக்கும். பாட்டு அதற்குள் அமுங்காமலிருக்க மீட்டர் முள்ளைச் சிவப்புக்குத் தள்ளித்தான் பதிவு செய்வோம். நாடாவும் கோபித்துக்கொள்ளாது. அளவு மீறினால் உச்சியை வெட்டாமல் மெதுவாக அமுக்கும். காதுக்கு அது ஒரு கனமாகக்கூடத் தோன்றும். அந்த முள் மீட்டரும் 1939இல் அமெரிக்காவில் வகுத்த தரத்தைச் சேர்ந்தது. சராசரியைக் காட்டுமே தவிர, மேள அடியின் நொடிப்பொழுது உச்சத்துக்கு எழும்பாது. முள் பொய் சொன்னாலும் நாடா மன்னித்துவிடும்.

எண்ணுக்கு மன்னிக்கத் தெரியாது. ஆனால் 'சிவப்பைத் தொட்டால்தான் பதிவு' என்ற பழக்கம் மட்டும் நம்மிடமிருந்து பிள்ளைகளுக்குப் போய்விட்டது.

இன்னொரு குழப்பமும் உண்டு. மிக்சரின் 0 வேறு, ரெக்கார்டரின் 0 வேறு. மிக்சரில் 0 என்பது பாட்டு வழக்கமாக நிற்க வேண்டிய இடம். அதற்கு மேலும் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். டிஜிட்டல் ரெக்கார்டரில் 0 டெசிபல் என்பது கூரை. அளவெல்லாம் அதற்குக் கீழே மைனஸில்தான். இரண்டையும் ஒன்றென்று நினைத்து இதன் 0வையும் அதன் 0வையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் தலை இடிக்கும்.

அன்று நடந்ததை அவனிடம் விசாரித்தேன். மாலை ஆறு மணிக்கு, மண்டபம் காலியாக இருந்தபோது, எண்பதுகளின் மெல்லிசைப் பாட்டு ஒன்றைப் போட்டு ரெக்கார்டரின் அளவை மைனஸ் 3இல் நிறுத்தியிருக்கிறான். தப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது. பிறகு வந்த புதுப் பாட்டுகள் இயல்பாகவே பல டெசிபல் உரக்கப் பதிவானவை. ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது இரண்டின் மேள அடியும் ஒரே நொடியில் விழும். டி.ஜே.யின் திறமையே அதுதான். ஆனால் சம பலமுள்ள இரண்டு அடிகள் அச்சாகச் சேர்ந்து விழுந்தால் மின்னழுத்தம் இரண்டு மடங்காகும். அதாவது 6 டெசிபல் ஏறும். விட்டிருந்ததோ 3.

ஒன்பது மணிக்குக் காது களைத்துவிடும். காலையில் பெரிதாகக் கேட்ட சத்தம் இரவில் சிறிதாகத் தெரியும். ஒவ்வொரு பாட்டுக்கும் கெயினை ஒரு மயிரிழை கூட்டிக்கொண்டே போயிருக்கிறான். அந்த நிலையில்தான் அத்தான் மைக்கைப் பிடித்தார். சாதாரணப் பேச்சுக்கும் உரக்கக் கத்துவதற்கும் 20 டெசிபல் வித்தியாசம் சுலபமாக வரும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் மேலும் 6. பின்வரிசையிலிருந்து "கேக்கலை, கேக்கலை" என்று குரல் வர, இவன் மைக்கை ஏற்ற, அவர் மைக்கை வாயோடு ஒட்டிவைத்துக்கொள்ள, எல்லாம் ஒன்றுசேர்ந்து கூரையில் மோதிவிட்டது.

அப்படியானால் எப்படிச் செய்வது? அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு டி.ஜே. இருக்கக்கூடும்.

முதலில் ஒவ்வொரு சேனலுக்கும் உள்ள ட்ரிம் அல்லது கெயின் திருகு. பாஸ், ட்ரெபிள் திருகுகள் நடுவில் நிற்கட்டும். பாட்டின் ஆரம்பத்தை வைத்து அளவு பார்க்காதீர்கள். அதிலேயே மிகவும் உரத்த இடத்துக்குப் போய் அங்கே பாருங்கள். மீட்டர் பச்சையில் நின்று, அவ்வப்போது மஞ்சளை எட்டிப்பார்த்துத் திரும்பினால் போதும். ஒவ்வொரு புதுப் பாட்டுக்கும் ஹெட்ஃபோனில் கேட்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். இங்கே சிவந்துவிட்டால் பின்னால் எந்தத் திருகைக் குறைத்தும் பலனில்லை. குழாயிலேயே கலங்கிய தண்ணீரைக் குடத்தில் தெளியவைக்க முடியாது.

இரண்டாவது, தாவும் இடம். வருகிற பாட்டின் பாஸைக் குறைத்து உள்ளே விட்டு, போகிற பாட்டின் பாஸை இறக்கிக்கொண்டே இதை ஏற்றுங்கள். இரண்டு பாஸ் ஒரே நேரத்தில் மேடையேறக் கூடாது. காதுக்கும் சுத்தமாக இருக்கும், மீட்டரும் துள்ளாது.

மூன்றாவது, எந்தத் துளையிலிருந்து எந்தத் துளைக்கு வயர் போகிறது என்பது. பதிவுக்கென்று தனியாக ரெக் அவுட் இருந்தால் அதிலிருந்து எடுங்கள். பல மிக்சர்களில் மாஸ்டர் திருகை ஏற்றி இறக்கினாலும் ரெக் அவுட் மாறாது. மண்டபத்துக்குச் சத்தம் போதவில்லை என்றால் மாஸ்டரையோ ஆம்ப்ளிஃபயரையோ தொடலாம், பதிவுக்கு ஆபத்தில்லை. ரெக்கார்டரில் அந்த வயர் லைன் துளையில் போக வேண்டும், மைக் துளையில் அல்ல. மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட். மிக்சரிலிருந்து வருவது அதைப்போலப் பல நூறு மடங்கு. மைக் துளையில் செருகினால் வாசலிலேயே சிதைந்துவிடும். பிறகு லெவலைக் குறைத்தால் சிதைந்த ஒலிதான் மெதுவாகக் கேட்கும்.

நான்காவதுதான் முக்கியம். அன்றைய பாட்டுகளில் மிகவும் உரத்த இரண்டை ஒன்றாக ஓடவிடுங்கள். ஒருவரை மைக்கில் கத்தச் சொல்லுங்கள். அந்த மோசமான கணத்தில் ரெக்கார்டரின் உச்சம் மைனஸ் 6ஐத் தாண்டக் கூடாது. சாதாரணமாக ஓடும்போது மைனஸ் 12ஐச் சுற்றி ஆடட்டும். 'ஆட்டோ லெவல்' இருந்தால் அணைத்துவிடுங்கள். பாட்டு நிற்கும் இடத்திலெல்லாம் அது இரைச்சலைத் தூக்கிக் காட்டும். ஒரு நிமிஷம் பதிந்து ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். லேப்டாப்பின் டி.ஜே. மென்பொருளுக்குள்ளேயே பதிவு செய்கிறவர்களுக்கும் இதே கணக்குதான். அங்கே பார்க்க வேண்டியது மென்பொருளின் மாஸ்டர் மீட்டர்.

"இவ்வளவு கீழே வெச்சா பதிவு சின்னதா இருக்குமே மாமா?" என்றான். இருக்கும். இருந்தால் என்ன? 24 பிட்டில் பதியுங்கள். ஒவ்வொரு 6 டெசிபல் இடத்துக்கும் ஒரு பிட் செலவு. 12 டெசிபல் விட்டாலும் 22 பிட் மிச்சம். சி.டி.க்கே 16தான். மறுநாள் கம்ப்யூட்டரில் முழுப் பதிவையும் உச்சம் மைனஸ் 1க்கு வரும்படி ஏற்றிவிடலாம். ஒரு டெசிபல் எதற்கு என்றால், எம்.பி.3 ஆக மாற்றும்போது உச்சிகள் கொஞ்சம் துள்ளும்.

மற்றவர்களைவிட உரக்க இருக்க வேண்டும் என்ற போட்டியும் வேண்டாம். 2008இல் மெட்டாலிகா குழு 'டெத் மேக்னெட்டிக்' ஆல்பத்தை அப்படித்தான் நசுக்கி வெளியிட்டது. அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ விளையாட்டில் நசுங்காமல் கிடைத்தபோது வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மறுபடி சரிசெய்து வெளியிடுங்கள் என்று ரசிகர்களே மனுப் போட்டார்கள். இப்போது ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் வழக்கமாக எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துதான் ஒலிபரப்புகின்றன. உரக்கப் பதிந்தவனின் சத்தம் இறக்கப்படும். கரகரப்பு மட்டும் அவனிடமே தங்கிவிடும்.

இதெல்லாம் அடுத்த கல்யாணத்துக்கு. கையிலிருந்த பென் டிரைவை என்ன செய்வது? இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். பேச்சைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆனால் பேச்சுக்குச் சற்று முன்னால், பாட்டு நின்று மைக் கைமாறிய நேரத்தில், அலைவடிவம் ஏறக்குறைய ஒரு கோடாகக் கிடந்தது. அப்போது அவன் மைக் ஃபேடரைப் பாதிகூட ஏற்றியிருக்கவில்லை. பின்வரிசை "கேக்கலை" என்று கத்தியது இதற்குத்தான். அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து 26 டெசிபல் ஏற்றினேன். மின்விசிறி இரைச்சலும் தட்டு வைக்கிற சத்தமும் கூடவே ஏறி வந்தன. அவற்றுக்கு நடுவில், பதினோரு விநாடி, துளிக் கரகரப்பு இல்லாமல் அத்தான் பேசினார்.

"கேக்குதா? எல்லாருக்கும் கேக்குதா? நான் ரொம்ப நேரம் பேசமாட்டேன். பயப்படாதீங்க."

அவன் அதை எத்தனை தடவை கேட்டான் என்று நான் எண்ணவில்லை. பிறகு பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சின்னதா பதிஞ்சதுதான் மாமா தங்கிச்சு" என்றான்.

மெதுவாக விழுந்ததை எப்போது வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம். அடுத்த விசேஷத்தில் உங்கள் வீட்டுப் பெரியவர் மைக்கை வாங்கும்போது, ஆடுகிறவர்களை ஒரு நிமிஷம் மறந்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். அவர் தலைக்கு மேலே ஒரு சாண் இடம் இருக்கட்டும்.