செல்லின் மேல் இருக்கும் சர்க்கரையை நிறுத்த முடியுமா?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

"சர்க்கரையை அடியோடு நிறுத்துங்கள், புற்றுச் செல் பட்டினி கிடந்து செத்துவிடும், கீமோவே வேண்டாம்" என்று ஒரு செய்தி நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதில் துளி உண்மையும் இருப்பதால்தான் பலர் நம்புகிறார்கள். பல புற்றுச் செல்கள் குளுக்கோஸை அதிகமாக இழுத்துக்கொள்ளும். பெட் ஸ்கேன் எடுப்பதே அதை வைத்துத்தான். ஆனால் நாம் காபியில் சீனி போடாவிட்டாலும் கல்லீரல் ரத்தத்தில் குளுக்கோஸைக் குறையாமல் பார்த்துக்கொள்ளும். புற்றுச் செல்லை மட்டும் தனியாகப் பட்டினி போட சாப்பாட்டில் வழி கிடையாது.

செல்லுக்கும் சர்க்கரைக்கும் இன்னொரு உறவு உண்டு. அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. பள்ளியில் செல்லின் படம் வரைந்திருப்பீர்கள். ஒரு வட்டம், நடுவில் உட்கரு. அந்த வட்டக் கோட்டை வழவழவென்று போடுவோம். உண்மையில் அதன் வெளிப்புறத்தில், வயலில் நாற்று நிற்பது போல, சர்க்கரை இழைகள் அடர்ந்து நிற்கின்றன. புரதத்தால் ஆன ஒரு தண்டு, அதிலிருந்து நீளும் சர்க்கரைச் சங்கிலிகள். இந்தக் கூட்டுப்பொருளுக்குப் புரோட்டியோகிளைக்கன் என்று பெயர். இதில் ஒரு முக்கியமான குடும்பம் சிண்டெகான். 1989-ல் மெர்டன் பெர்ன்ஃபீல்டு குழுவினர் வைத்த பெயர். சேர்த்துக் கட்டுவது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மைலோமா என்ற புற்றுநோய்க்கான லேப் ரிப்போர்ட்டில் சிடி138 என்று பார்த்தவர்கள் இருப்பீர்கள். அது சிண்டெகான்-1 தான்.

பெயருக்கு ஏற்ற வேலை. செல் நிற்கிற தரையில் முக்கியப் பொருள் கொலாஜன். அது மூன்று இழைகள் சேர்ந்தது என்று 1954-ல் சொன்னவர்கள் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். சிண்டெகான் தன் சர்க்கரைக் கைகளால் அந்தத் தரையைப் பற்றிக்கொள்ளும். அதன் வால் செல்லுக்குள் போய் உள்சட்டகத்தோடு தொடர்பு வைத்துக்கொள்ளும். இந்தப் பிடி இறுகுவதையும் தளர்வதையும் பொறுத்து செல் ஓரிடத்தில் நிற்கும், பரவும், நகரும்.

இரண்டாவது வேலை நம் ஊர்க்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் செய்துகொள்ள வெளியூரிலிருந்து திருக்கடையூர் வந்து இறங்குகிறவர்கள் திகைத்து நிற்பார்கள். யாராவது கையைப் பிடித்து அழைத்துப்போய் குருக்கள் முன்னால் உட்கார வைத்தால்தான் காரியம் நடக்கும். "வளர், பெருகு" என்று செல்லுக்குச் சொல்ல வரும் வளர்ச்சிக் காரணிகள் பலவும் அப்படித்தான். ஹெப்பரான் சல்பேட் என்ற சர்க்கரைச் சங்கிலி அவற்றைப் பிடித்து, உரிய ஏற்பியோடு சேர்த்துவைக்கிறது. எஃப்ஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணிக்கு இந்தத் துணை தேவை என்று 1991-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின.

அழைத்துப்போகிற அதே ஆள், ஊருக்கு வெளியே சாலையில் நின்றுகொண்டு வருகிறவர்களை எல்லாம் அங்கேயே நிறுத்திவைத்தால்? ஒருவரும் கோயிலுக்கு வந்து சேரமாட்டார்கள். செல்லின் மேலிருந்து வெட்டுப்பட்டு மிதக்கும் சங்கிலித் துண்டுகள் இப்படியும் செய்யும், சில நேரம் நேர்மாறாகச் சேர்த்துவைக்கவும் செய்யும். 2002-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ராம் சசிசேகரன் குழு இதை எலிகளில் சோதித்தது. புற்றுச் செல்லின் ஹெப்பரான் சல்பேட்டை ஒரு நொதியால் வெட்டினார்கள், கட்டி வேகமாக வளர்ந்தது. வேறொரு நொதியால் வேறு இடத்தில் வெட்டினார்கள், கட்டி வளர்வது குறைந்தது. இந்த ராமின் தந்தை வி. சசிசேகரன், 1963-ல் ராமச்சந்திரனோடும் சி. ராமகிருஷ்ணனோடும் சேர்ந்து புகழ்பெற்ற ராமச்சந்திரன் வரைபடத்தைத் தந்தவர்.

என் கருத்து இதுதான். ஒரே செல், ஒரே சர்க்கரைப் போர்வை. வெட்டுகிற இடம் மாறினால் பலனே தலைகீழாகிறது. இப்படிப்பட்ட உடம்பைப் பற்றி "இது நல்லது, அது கெட்டது, இதைக் குடித்தால் தீரும்" என்று ஒரு வரியில் தீர்ப்பு எழுதுகிறவரை நம்பக் கூடாது. அவர் வேட்டி கட்டியிருந்தாலும் சரி, வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாலும் சரி. தவிர, இந்தச் சங்கிலிகளைச் செல் தானே கட்டிக்கொள்கிறது. நாம் இனிப்பு சாப்பிடாமல் இருப்பதால் அவை உதிர்ந்துவிடாது.

பெயர் ஒத்துப்போனால் பொருளும் ஒன்று என்று நினைப்பதும் ஆபத்து. டயாலிசிஸ் செய்கிறவர்களுக்குத் தெரிந்த ஹெப்பாரின் ஊசி, ஹெப்பரான் சல்பேட்டின் நெருங்கிய உறவு. பன்றிக் குடலிலிருந்து எடுப்பது. 2008-ல் அதில் ஒரு கலப்படம் சேர்ந்து அமெரிக்காவில் உயிர்கள் போயின. காண்ட்ராய்டின் சல்பேட்டில் அளவுக்கு மீறிச் சல்பேட் ஏற்றிய பொருள் அது. அசலைப் போலவே இருந்ததால் வழக்கமான சோதனைகளில் மாட்டவில்லை. அதைக் கண்டுபிடித்தவர்களில் ராம் சசிசேகரனும் ஒருவர். ஆய்வுக்கூடச் சோதனையே ஏமாந்த இடத்தில், பாக்கெட்டில் வரும் "செல் சுத்தி" பொடியை நாம் எதை வைத்து நம்புவது?

நம் உறவில் ஒருவருக்கு இப்போது கீமோ நடக்கிறது. பெயர் வேண்டாம். நெல்லிக்காய் அளவு சோறுகூட உள்ளே போகாத நாட்களில், வீட்டில் கொடுத்த பாயசத்தைச் "சர்க்கரை" என்று பயந்து தள்ளிவைத்திருக்கிறார். எடை இறங்கிக்கொண்டே போகிறது. சிகிச்சை தாங்க உடம்பில் தெம்பு வேண்டாமா? அவருக்கு ஃபார்வர்டு அனுப்பியவர்களில் என்னிடம் படித்த பிள்ளைகளும் உண்டு. அன்பால்தான் அனுப்பினீர்கள், சந்தேகமில்லை. ஆனால் அந்த அன்பு அவர் சாப்பிட வேண்டியதைத் தட்டிப் பறித்திருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். நோயாளிக்கு எதையும் அனுப்புமுன், அவருடன் ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கு முதலில் அனுப்புங்கள். அவர் அடுத்த முறை டாக்டரிடம் காட்டட்டும். நீரிழிவும் சேர்ந்து இருந்தால் சாப்பாட்டுக் கணக்கை அவரே சொல்வார். நீங்கள் நேரில் போனால் அறிவுரை வேண்டாம். அவருக்குப் பிடித்ததைச் செய்து எடுத்துக்கொண்டு போங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். வகுப்பில் கேள்வி கேட்டவர்களை நான் என்றைக்கும் கோபித்ததில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
திருக்கடையூர்.