ஒஹாயோவிலிருந்து மலையகத்து உறவுகளுக்கு

பொகவந்தலாவைப் பக்கத்து லயங்களிலும் ஹற்றன், தலவாக்கலை டவுன்களிலும் இருக்கும் என் அண்ணன், அக்கா, தம்பி, தங்கைமாருக்கு,

அமெரிக்க அரசியலைப் பற்றி நீங்கள் வட்ஸ்அப்பில் அனுப்பும் வீடியோக்களைப் பார்க்கிறேன். “வந்தேறிகள நல்லா வெரட்டுறாரு, இப்படி ஒருத்தருதான் நமக்கும் வேணும்” என்று ட்ரம்பைப் பற்றி என் சித்தப்பா மகன் எழுதியிருந்தான். அவனுக்கு மட்டும் பதில் சொல்லி விட மனம் வரவில்லை.

நான் இருக்கும் கொலம்பஸ் நகரிலிருந்து காரில் ஒரு மணித்தியாலத்துக்குள் ஸ்பிரிங்ஃபீல்ட் வந்துவிடும். ஏறக்குறைய 60,000 பேர் வாழும் ஊர். அங்குள்ள தொழிற்சாலைகளிலும் பண்டகசாலைகளிலும் வேலை செய்ய ஹெயிட்டி நாட்டவர் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அப்போது பெரும்பாலானோர் சட்டப்படி இருந்தவர்கள். வாடகை ஏறியது, ஆஸ்பத்திரியில் கூட்டம் கூடியது. ஊராருக்குச் சிரமம் இருந்தது உண்மை. ஆனால் 2024 செப்டெம்பர் 10 ஆம் திகதி ஜனாதிபதி வேட்பாளர் விவாதத்தில் டொனால்ட் ட்ரம்ப் பேசியது வாடகையைப் பற்றி அல்ல. ஊரார் வளர்க்கும் நாய், பூனைகளை ஹெயிட்டி நாட்டவர் தின்கிறார்கள் என்றார். ஆதாரம் எதுவுமில்லை என்று நகர நிர்வாகம் சொன்னது. ட்ரம்பின் கட்சிக்காரரான ஒஹாயோ ஆளுநர் மைக் டிவைனே அந்தக் கதையை மறுத்தார். அதற்குள் முப்பதுக்கு மேற்பட்ட வெடிகுண்டு மிரட்டல்கள் வந்துவிட்டன. பள்ளிக்கூடங்களிலிருந்து பிள்ளைகளை அவசரமாக வெளியேற்றினார்கள்.

என்னோடு வேலை செய்யும் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என் ஷிப்டையும் சேர்த்துப் பார்க்கும் நல்ல மனுஷர். “அந்தக் கதை பொய்யாகவே இருக்கட்டும், அவர்கள் வந்தது உண்மைதானே” என்றார். கட்சிப் பற்று ஒரு நல்ல மனுஷரை எதுவரை கொண்டுபோகும் என்று அன்று கண்ணால் பார்த்தேன்.

2025 ஜனவரி 20 ஆம் திகதி, பதவியேற்ற அன்றே, ட்ரம்ப் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். தாய் தகப்பனில் ஒருவராவது பிரஜையாகவோ நிரந்தர வதிவுரிமை உள்ளவராகவோ இல்லாவிட்டால், இந்த மண்ணில் பிறக்கும் பிள்ளைக்கும் குடியுரிமை இல்லை என்றது அது. சில நாட்களிலேயே நீதிமன்றங்கள் அதற்குத் தடை போட்டன. எனக்கோ அதைப் படித்தபோது நம் 1948தான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை. வேறு தொகுதிகளில் நம் வாக்குகள் இடதுசாரிகளுக்கும் விழுந்தன. கண்டிச் சிங்களவரை இந்தியர்கள் அமுக்கிவிடுவார்கள் என்ற பயத்தை டி.எஸ். சேனாநாயக்கவின் ஆட்சி அடுத்த வருடமே சட்டமாக்கியது. மலையில் பிறந்தது போதாது, தகப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டுவா என்றார்கள். லயத்தில் பிறந்தவனுக்கு அந்தக் காலத்தில் ஏது பதிவு? சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். வாக்கும் பறிபோனது. 1952 இல் நம் ஆட்களில் ஒருவர்கூட நாடாளுமன்றம் போகவில்லை. 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. எத்தனை குடும்பம் ரெண்டாகப் பிரிந்தது என்பதை நம் பாட்டிமாரிடம் கேளுங்கள். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் 1948 இல் அமைச்சராகி டி.எஸ். சேனாநாயக்கவின் அரசாங்கத்தோடு நின்றதும் மறக்கக்கூடியதல்ல. தமிழர் என்பதால் மட்டும் எல்லோரும் நமக்காக நின்றுவிடவில்லை.

கள்ளத்தோணி என்று ஏச்சு வாங்கிய நாம்தான், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, குருநாகல் ஆஸ்பத்திரியின் முஸ்லிம் டாக்டர் ஒருவர் ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற கதையை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டோம். எனக்கும் அது வந்தது, நம் ஆட்களின் நம்பர்களிலிருந்தே. அவருக்கு எதிராக ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே சொன்னது. பிறகு மீண்டும் வேலையில் சேர்த்தார்கள். அந்தச் செய்தியை எத்தனை பேர் அனுப்பினோம்?

பயம் காட்டும் இந்த வியாபாரம் தோட்டத்துக்குள்ளும் நடக்கிறது. “நம்ம சங்கத்த விட்டா நாளைக்கி பிரட்டுல பேரு கெடைக்காது”, “அவனுக்கு ஓட்டுப் போட்டா இருக்கிற லயமும் போயிரும்” என்று சந்தா வாங்கும் ஆட்களே மிரட்டுவதைச் சின்ன வயதில் வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். அம்மா பதில் பேசாமல் கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போவார். அடுத்த வீட்டார் வேறு சங்கம் என்பதற்காக நல்லது கெட்டதுக்குக்கூடப் போகாத குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். சம்பளப் பேச்சு வந்தபோது அந்த ரெண்டு வீட்டுக்கும் கிடைத்தது ஒரே தொகைதான்.

தம்பிமாரே, அடுத்த தேர்தலுக்கும் தலைவர்மார் மேடை ஏறுவார்கள். முஸ்லிமைக் காட்டியோ, சிங்களவரைக் காட்டியோ, பக்கத்துச் சங்கத்தைக் காட்டியோ எவராவது பயமுறுத்தினால், காணி உறுதி எங்கே, போன தடவை சொன்ன வீடு எத்தனை கட்டி முடிந்தது, நாட்சம்பளம் என்ன ஆச்சு என்று மேடைக்குக் கிட்டப் போய்க் கேளுங்கள். பெண்கள் முன்னால் நின்று கேட்கட்டும். அவர்கள் பறிக்கும் கொழுந்தில்தான் இவ்வளவும் நடக்கிறது. சித்தப்பா மகனுக்கும் சொல்லிவிடுங்கள், அந்த வீடியோக்களை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
பொகவந்தலாவையில் பிறந்த உங்கள் தம்பி