படம் ஓடல, பாட்டு நின்னுச்சு: 'முத்த மழை'யில் ரசிகர்கள் கேட்டது என்ன?

'நாயகன்' (1987) வந்து 38 வருஷம் கழித்து கமல் – மணிரத்னம் மீண்டும் சேர்ந்த படம் 'தக் லைஃப்' (2025). இசை ரஹ்மான். ஆனால் ரசிகர்கள் அதிகம் பேசியது ஒரு குரலைப் பற்றி.

என்ன நடந்தது?
'முத்த மழை'யைத் தமிழில் பாடியவர் தீ. தெலுங்கு, இந்தியில் சின்மயி. மே மாதம் சென்னை இசை வெளியீட்டு விழாவுக்கு தீ வரவில்லை. மேடையில் சின்மயி தமிழில் பாட, வீடியோ வைரல். சின்மயிதான் என்று ஒரு தரப்பு, தீதான் என்று இன்னொரு தரப்பு. கடைசியில் சின்மயி பாடியதும் தனியாக வெளியானது.

ஏன் இவ்வளவு பேச்சு?
2018-ல் மீ டூ புகார் சொன்ன சின்மயி, அதே ஆண்டு டப்பிங் யூனியனில் இருந்து நீக்கப்பட்டார். சந்தா கட்டவில்லை என்றது யூனியன். அதன்பின் தமிழில் அவர் குரல் அரிதானது. அதனால்தான் அந்தக் கைதட்டல் பாட்டுக்கு மட்டுமானதாக இல்லை.

மிச்சம் என்ன?
தியேட்டரில் அந்தப் பாட்டே இல்லை, படமும் ஓடவில்லை. தூத்துக்குடிக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. மணப்பாட்டில் எடுத்த மணிரத்னத்தின் 'கடல்' (2013) ஓடவில்லை. சித் ஸ்ரீராமை அறிமுகப்படுத்திய 'அடியே' இன்னும் ஒலிக்குது. ரசிகர்கள் சின்மயியைக் கூப்பிட்டாச்சு. இனி கூப்பிட வேண்டியது திரையுலகம்.