பெயர் சூட்டப்படாத வருத்தம்

“என்ன வருத்தமாம்?” சுகவீனமுற்ற ஒருவரைப் பார்க்கச் செல்லும் எம்மவர் முதலில் வினவுவது இதுவே. நீரிழிவு என்றோ இருதய நோய் என்றோ ஒரு பெயரைச் சொல்லிவிட்டால், வந்தவர் தலையசைத்து அனுதாபம் தெரிவிப்பார். “வைத்தியர்கள் இன்னும் சொல்லவில்லை” என்று விடையளிப்பின் அவர் முகத்தில் ஐயத்தின் நிழல் படரும். நான்கு ஆண்டுகளாக அந்நிழலை நாம் கண்டு வருகின்றோம்.

விடியற்காலையில் எமது விரல் மூட்டுகள் வீங்கி விறைத்திருக்கும். பனிக்காலத்தில் பேருந்துத் தரிப்பிடத்தில் நின்றால் விரல் நுனிகள் வெளிறிப் பின்னர் நீலம் பாரிக்கும். உறங்கி எழுந்தாலும் களைப்பு நீங்காது. வெயில் பட்ட கன்னத்தில் தடிப்பு எழும்; வைத்தியரிடம் செல்லும் நாளில் அது மறைந்திருக்கும். ஊரில் இருந்தவரை இவற்றை நாம் அறியோம். முதலில் குளிரின் மீது பழி போட்டோம். பின்னர் இரவு வேலையின் மீது போட்டோம். உறவினர் சிலரோ வேலைக்கள்ளம் என்றனர். அச்சொல் மூட்டு வலியினும் கொடிது.

உடலைக் காக்க வேண்டிய நிர்ப்பீடனம் உடலையே தாக்குவதால் விளையும் நோய்கள் பல உள. அவற்றுள் ஒன்றான லூப்பஸ் பத்துப் பேருக்கு வந்தால் ஏறக்குறைய ஒன்பதின்மர் பெண்களாவர். அதனை உறுதிசெய்யத் தனியொரு பரிசோதனை இல்லை. கலத்தின் கருவை எதிர்க்கும் பிறபொருளெதிரியை இரத்தத்தில் தேடுவார்கள். ஆயின் 1997 இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், 1:80 என்ற அளவில் நலமாயிருந்தோரிலும் நூற்றுக்குப் பதின்மூவரிடம் அது காணப்பட்டது. ஆகவே வைத்தியர் தயங்குவது அறியாமையாலன்று. சான்றுகள் போதாதவிடத்து, ‘வகைப்படுத்தப்படாத தொடுப்பிழைய நோய்’ என்று குறித்து வைப்பர். சிலருக்கு அது காலப்போக்கில் லூப்பஸாகவோ வேறொன்றாகவோ உருப்பெறும். பலருக்கு அவ்வாறே நிற்கும். சிலருக்குத் தணிந்தும் விடும்.

காலம்தான் இங்கு பெரிய பரிசோதகர் என்பதை உணர்த்தியதில் இந்நகருக்கும் பங்குண்டு. எம்மவர் பலர் வந்திறங்கிய சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக்கட்டடங்களுக்கு அருகே, பின்னாளில் மூடப்பட்ட வெல்லெஸ்லி வைத்தியசாலை இருந்தது. அங்கேதான் 1970 இல் வைத்தியர் மரே யூரோவிற்ஸ் லூப்பஸ் சிகிச்சை நிலையத்தை ஆரம்பித்தார். அது பின்னர் ரொறன்ரோ வெஸ்ரேண் வைத்தியசாலைக்கு இடம் மாறியது. நோயாளரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, தொடக்கத்தில் உயிரைப் பறிப்பவை நோயின் உக்கிரமும் கிருமித்தொற்றும் என்றும், பிற்காலத்தில் பறிப்பது இருதய நோய் என்றும் 1976 இல் அவரும் சகாக்களும் எழுதினர். “ஆறு மாதம் கழித்து வாருங்கள்” என்று வைத்தியர் சொன்னால் அதனைக் கைவிடலாகக் கொள்ள வேண்டாம்; தவறாது செல்லுங்கள்.

காத்திருக்கும் காலத்தில் செய்யக்கூடியன சில. ஒரு கொப்பியில் நாள்தோறும் நோவையும் காய்ச்சலையும் குறித்து வையுங்கள். தடிப்பைப் படம் எடுத்து வையுங்கள். எமது மேனியில் அது சிவப்பாகவன்றிக் கருமையாகவே தோன்றக்கூடும். மொழிபெயர்க்கப் பிள்ளைகளை அழைத்துச் செல்லாது மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். சிறுநீரகம் நோவின்றியே பழுதடையலாமாதலின் சிறுநீர்ப் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம். சிறுநீர் நுரைத்தாலோ, கால் வீங்கினாலோ தாமதியாது வைத்தியரை நாடுங்கள். மூச்செடுக்கையில் நெஞ்சு நொந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே செல்லுங்கள்.

பெயர் இல்லாதவிடத்தும் மருந்து உண்டு. எமது மூத்தோர் மலேரியாவுக்கு விழுங்கிய குளோரோகுயினின் உறவான ஹைட்ரொக்ஸிகுளோரோகுயினை வைத்தியர் சிலருக்குக் கொடுப்பர்; அதனைத் தொடர்ந்து உண்போர் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

பெயர் இல்லாதவிடத்தும் உரிமை உண்டு. ஒன்ராறியோவில் முதலாளி பொதுவாக நோயின் பெயரைக் கேட்க முடியாது. எவ்வேலை இயலும், எது இயலாது என்பதையே கேட்கலாம். தகுதியுடைய தொழிலாளருக்கான வேலையிழப்புக் காப்புறுதியின் சுகவீனக் கொடுப்பனவு 2022 டிசம்பரில் 15 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தப்பட்டது. மாகாண ஊனமுற்றோர் உதவித்திட்டமும், ஓராண்டோ அதற்கு மேலோ நீடிக்கக்கூடிய, விட்டுவிட்டு வரும் இயலாமையையும் கணக்கில் எடுக்கின்றது.

சட்டமே பெயரைக் கேளாது இயலாமையைக் கேட்கின்றது. உறவினராகிய நாம் மட்டும் பெயரை ஏன் கேட்க வேண்டும்? அடுத்த முறை நோயுற்ற ஒருவரின் வீட்டுக்குச் செல்லும் வாசகர்கள், “இன்று எப்படி இருக்கின்றது?” என்று வினவுங்கள். அதற்கு எம்மிடம் எப்போதும் விடையுண்டு. இன்று காலை மூட்டுகள் சற்று இளகியிருந்தன. ஆதலால் இப்பத்தியை எம் கையாலேயே எழுதி முடித்தோம்.