பெட்டிக்கு மேலும் செலவு செய்யலாமா?

நமது சங்கத்து அன்பர் ஒருவர் சென்ற மாதம் நம்மைத் தம் இல்லத்துக்கு அழைத்து ஒரு சிறு பெட்டியைக் காட்டினார். குறுந்தகட்டிலும் கணிப்பொறியிலும் வெறும் எண்களாக அடங்கிக் கிடக்கும் பாட்டை மின்னலையாக மாற்றி ஆம்பிளிஃபையருக்குத் தரும் டி.ஏ.சி. என்னும் சாதனம் அது. வெளிநாட்டுச் சரக்கு, விலையோ நம்மைப் போன்ற எழுத்தர்களின் ஓராண்டுச் சம்பளத்தை நெருங்கும். அதை இன்னும் உயர்த்துவதற்கென ஒன்றரை லட்சம் ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறார். “கடிகாரத்தை மாற்றுவதா, பவர் சப்ளையை மாற்றுவதா, உட்பலகையை மாற்றுவதா? நீங்களே சொல்லுங்கள், சார்” என்றார். இப்பகுதியில் முன்னொரு முறை ரேடியோவைப் பற்றி எழுதிய பாவம் நம்மைத் தொடர்கிறது போலும்!

எதை மாற்றுவது என்று கேட்பதற்கு முன், குறை எங்கே என்று கேட்க வேண்டும். 1982-ல் சோனியும் பிலிப்ஸும் சந்தைக்குக் கொணர்ந்த குறுந்தகட்டில் விநாடிக்கு 44,100 முறை ஒலி அளக்கப் பெற்று, ஒவ்வோர் அளவும் 16 இரும இலக்கங்களில் பதிவாகிறது. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபல் இடைவெளி இதனால் கிடைக்கிறது. இன்றைய உயர்தரப் பெட்டிகள் 120 டெசிபலையும் எட்டிவிட்டன. 24 இலக்கப் பதிவு கணக்கின்படி 144 டெசிபல் தரவேண்டும். மின்பொருள்களில் வெப்பத்தாலேயே எழும் இரைச்சல் அவ்வளவு தூரம் போகவிடுவதில்லை. அன்பர் வீட்டுக் கூடத்திலோ ஏப்ரல் பிறந்தால் கூலர் ஓடுகிறது. நாக்பூர் வெயிலில் அதை நிறுத்தச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அந்தக் கூடத்தில் 120 டெசிபலுக்கு மேல் இன்னும் இரண்டு மூன்று டெசிபலைத் தேடுவது, சந்தைக்கடை நடுவே ஊசி விழும் ஓசைக்குக் காது கொடுப்பதாகும். மேலும் அவர் விரும்பிக் கேட்பது, 1956-ல் மறைந்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் 78 சுழல் தட்டுகளிலிருந்து எடுத்த நாகஸ்வரம். தட்டில் ஏறாத நாதத்தை எந்தப் பெட்டியும் கொண்டுவந்து சேர்க்காது.

இனி மாற்றங்களுக்கு வருவோம். முதலில் செலவற்றது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்துப் பி.எஸ். ஆடியோ நிறுவனத்தின் டைரக்ட்ஸ்ட்ரீம் பெட்டி 2014-ல் வெளிவந்தது. எண்ணை ஒலியாக்கும் வேலையை ஆயத்தச் சில்லு ஒன்றிடம் விடாமல், தாமே எழுதிய நிரலைக் கொண்டு செய்வது அதன் சிறப்பு. ஆகவே புதிய நிரல்களை இலவசமாக வெளியிட்டு, அம்மாநிலத்து மலைச் சிகரங்களின் பெயர்களை அவற்றுக்கு இட்டு வந்தார்கள். நம் அன்பரின் பெட்டி வேறு நிறுவனத்தது. ஆனால் அதற்கும் புதிய நிரல் வந்திருந்தது. ஓராண்டாக அவர் அதை ஏற்றவே இல்லை!

அடுத்தது, செய்தவரே உட்பலகையை மாற்றித் தருவது. இங்கிலாந்தின் டி.சி.எஸ். நிறுவனம் 2022-ல் தன் ரிங் டாக் பலகையைத் திருத்தி ‘ஏபெக்ஸ்’ எனப் பெயரிட்டபோது, ரோஸினி, விவால்டி பெட்டிகளை முன்பே வாங்கியிருந்தவர்களும் மாற்றிக்கொள்ள வழி வைத்தது. பணம் உண்டாயின் இது நேர்மையான வழி. பழைய பெட்டி வீணாவதில்லை. ஆயினும் வெளிநாட்டுக்கு அனுப்பித் திரும்பப் பெறுவதானால், அனுப்பும்போதே வரிசை எண்ணைச் சுங்கத் தாள்களில் பதிவு செய்துகொள்ள வேண்டும். போன பெட்டியே வந்தது என்று காட்ட இயலாவிடில் புதுச் சரக்குக்குரிய தீர்வை தலையில் விழலாம்.

பவர் சப்ளையை வெளியாரிடம் வாங்குவோர், அமெரிக்க வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 சுழற்சி என்பதையும், நமது மின்சாரம் 230 வோல்ட், 50 சுழற்சி என்பதையும் மறக்கலாகாது. 60 சுழற்சிக்கென்றே சுற்றிய டிரான்ஸ்பார்மர் 50-ல் கூடுதலாகச் சூடேறும்.

அன்பருக்கு ஆசை அதிகம் இருந்தது கடிகாரத்தின் மீதுதான். ரயில்வே ஊழியம் செய்யும் நமக்குக் கடிகாரத்தின் அருமை தெரியாததன்று. 22.7 மைக்ரோ விநாடிக்கு ஒன்றாக அளவுகள் வெளிவர வேண்டும். அந்தத் தாளம் தள்ளாடினால் நாதம் கலங்கும். ஆனால் இக்காலத்து உயர்தரப் பெட்டிகளின் யு.எஸ்.பி. இணைப்பில் பெட்டிக்குள் இருக்கும் ஸ்படிகமே தலைவன். கணிப்பொறி, அது கேட்கும்போது எண்களை எடுத்துக் கொடுக்கும் ஆள். வெளியிலிருந்து கம்பி வழியே இன்னொரு கடிகாரத்தைக் கொணர்ந்தால், உள்ளிருப்பது அதைப் பின்பற்றி ஓட வேண்டியதாகிறது. துல்லியம் கூடாமல் குறைவதும் உண்டு. தட்டு ஓட்டும் பெட்டி, மாற்றும் பெட்டி எனப் பல இருந்து, எல்லாவற்றையும் ஒரே கதியில் நடத்த வேண்டிய இடத்தில்தான் வெளிக்கடிகாரத்துக்கு உண்மையான வேலை. அன்பரிடம் இருப்பதோ ஒன்றே ஒன்று.

“கணக்கு கிடக்கட்டும், காதுதானே நீதிபதி?” என்றார். ஒப்புக்கொண்டோம், ஆனால் நீதிபதிக்கு விலைச்சீட்டைக் காட்டலாகாது. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் மேயர், மோரன் என்னும் இருவர் நடத்தி 2007-ல் வெளியிட்ட சோதனையில், உயர்தரப் பதிவையும் அதையே குறுந்தகட்டு அளவுக்குக் குறைத்ததையும் மறைத்து வைத்துக் கேட்கச் செய்தனர். 554 முறைகளில் 276 முறையே சரியான விடை வந்தது. காசு சுண்டினாலும் அவ்வளவு வரும். 2016-ல் லண்டனில் ஜோஷுவா ரீஸ் என்பவர் இத்தகைய பல சோதனைகளைத் திரட்டிப் பார்த்ததில் நூற்றுக்கு 52-க்குச் சற்று மேல் கிடைத்தது. வேறுபாடு அறவே இல்லை என்பதற்கில்லை, மிகச் சிறிது.

ஆகவே கடைக்காரர் இரவல் தந்த வெளிக்கடிகாரத்தை வைத்து அவர் வீட்டிலேயே பார்த்தோம். சற்றே உரத்து ஒலிப்பது எப்போதும் நன்றாய் இருப்பதாகத் தோன்றும். எனவே இரு நிலையிலும் வெளிவரும் வோல்ட்டை மீட்டரால் அளந்து சமன் செய்தோம். அவருடைய மைத்துனர் காசு சுண்டி இணைப்பை மாற்ற, அன்பர் கண்ணை மூடிக்கொண்டு விடை சொன்னார். 16 முறையில் 12 சரியாயிருந்தால் வாங்கலாம் என்பது பேச்சு. 9 வந்தது.

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. காப்பி கொண்டுவந்த அவர் மனைவியார், “அத்தை பாடின கேசட்டெல்லாம் பரணில் கிடக்கிறதே, அதைக் கேட்க ஏதாவது செய்யக்கூடாதா?” என்றார். அன்பரின் காலஞ்சென்ற தாயார் நமது சங்கத்து ராமநவமி உற்சவங்களில் 1980 முதல் பல ஆண்டுகள் பாடியவை அவை. வேறு பதிவு எவரிடமும் இல்லை. வீட்டிலிருந்த பழைய டெக் ஒரு நாடாவை விழுங்கிவிட்டதால் அஞ்சி அப்படியே கட்டி வைத்துவிட்டார்களாம்.

இதற்கு வேண்டுவது எண்ணை ஒலியாக்கும் பெட்டியன்று. ஒலியை எண்ணாக்கும் பெட்டி. விலை அந்தக் கடிகாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. 24 இலக்கத்தில், விநாடிக்கு 96,000 அளவாகப் பதிந்தால் போதும். அதைவிட முக்கியம், ஓட்டும் டெக்கின் ஹெட்டைத் துடைத்து, நாடாவுக்கு நேராக அதன் சாய்வைத் திருத்திக்கொள்வது. சாய்வு பிசகினால் மேல் ஸ்தாயி மங்கிவிடும். இவ்வேலையைத் தொடங்கியிருக்கிறோம். பதினொன்றில் மூன்று முடிந்தன. நான்காவதில் பூஞ்சை தெரிவதால் ஓட்டாமல் தனியே வைத்திருக்கிறோம். நேயர்கள் இல்லங்களில் நன்கு ஓடும் நிலையில் கேசட் டெக் இருப்பின், சில வாரங்களுக்கு இரவலாகத் தர இயலுமா எனச் சங்க அலுவலகத்தில் தெரிவிக்கக் கோருகிறோம்.