கொரோனாவுக்கு எத்தனை ஸ்டார்?

வைரஸ் பத்தின கட்டுரைன்னு நினைச்சு உள்ளே வந்தவங்க அப்படியே திரும்பிடலாம். இது பீர் பத்தினது. ஸ்பானிஷ் மொழியில கொரோனான்னா கிரீடம். கிரீடம் அச்சடிச்ச நிறமில்லாத கண்ணாடி பாட்டில், வாயில ஒரு எலுமிச்சைத் துண்டு, பின்னாடி ஒரு கடற்கரை. விளம்பரத்துலயாவது பார்த்திருப்பீங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன் மக்களே. இது யாரையும் குடிக்கச் சொல்ற கட்டுரை இல்லை. தமிழ்நாட்டுல 21 வயசு ஆகாதவங்களுக்கு மது விற்கவே கூடாது. அதனால உங்கள்ல நிறைய பேருக்கு இது தியரி பேப்பர் மட்டும்தான், லேப் கிடையாது. ஆனா தியரியே நல்லா இருக்கும், நம்பிப் படிங்க. மெஷர்மெண்ட்ஸ் பேப்பர்ல படிச்சதெல்லாம் இதுல வரும்.

விஷயம் இதுதான். பீருக்கு மார்க் போடற இணையதளங்கள்ல கொரோனா எக்ஸ்ட்ரா எப்பவுமே கடைசி பெஞ்ச். முதல் பெஞ்ச்ல உட்கார்ந்திருக்கறது பெரும்பாலும் இம்பீரியல் ஸ்டவுட், டபுள் ஐபிஏ மாதிரி கனமான, ஆல்கஹால் அதிகமான ரகங்கள். விற்பனைக்குப் போனா கதை வேற. 2023-ல அமெரிக்கக் கடைகள்ல பண மதிப்புல அதிகமா வித்த பீர் மோடெலோ எஸ்பெசியால். கொரோனா வர்ற அதே மோடெலோ ஆலையோட இன்னொரு லாகர். அதுவரைக்கும் முதலிடத்துல இருந்த பட் லைட்டை அது கீழே தள்ளிச்சு. பட் லைட்டுக்கு எதிரா அந்த வருஷம் நடந்த புறக்கணிப்பும் அதுக்கு ஒரு காரணம்தான். ஆனா காலியான இடத்துக்கு வந்தது ஒரு மெக்சிகன் லாகர்ங்கறதைக் கவனிங்க.

இதை வெச்சு ரெண்டு கோஷ்டி சண்டை போடுது. ஒரு கோஷ்டி, "ஜனங்களுக்கு நாக்கே செத்துப்போச்சு" என்கிறது. இன்னொரு கோஷ்டி, "மார்க் போடறவன் எல்லாம் சீன் போடறவன்" என்கிறது. என் கருத்து: அந்த மார்க் எப்படி எடுக்கப்பட்டதுன்னு ரெண்டு கோஷ்டியும் கேக்கலை. எந்த அளவுகோல், எந்த நிலைமையில, யாரோட கையில? இதைச் சொல்லாத ஸ்டாரை நம்ம லேப் ரெக்கார்டுல எழுதினா மேடம் கையெழுத்து போட மாட்டாங்க. பீருக்கு மட்டும் ஏன் ஒத்துக்கறோம்?

மெக்சிகன் லாகர்னா எது?

லாகர் என்பது ஒரு ஈஸ்ட் குடும்பத்தாலயும் குளிராலயும் வர்ற பேர். சுமார் 8 முதல் 13 டிகிரி செல்சியஸ்ல மெதுவா நொதிக்க விட்டு, அப்புறம் இன்னும் அதிகக் குளிர்ல சில வாரம் வெச்சிருப்பாங்க. ஜெர்மன்ல 'லாகர்ன்'னா சேமிச்சு வைக்கறதுன்னு அர்த்தம். பழ வாசனை மாதிரி உப வாசனைகள் குறைஞ்சு, சுத்தமான ருசி வரும்.

மெக்சிகோவுல இதுல ரெண்டு குடும்பம் இருக்கு. ஒண்ணு வெளிர் மஞ்சள் லாகர்: கொரோனா, மோடெலோ எஸ்பெசியால், பசிஃபிகோ, சோல், தெகாதே. இன்னொண்ணு செம்பழுப்பு, கரும்பழுப்பு லாகர்: விக்டோரியா, டோஸ் எகிஸ் ஆம்பர், நெக்ரா மோடெலோ. இந்த ரெண்டாவது குடும்பத்தோட பாட்டன் ஊர் வியன்னா. 1841-ல வியன்னா பக்கத்துல ஷ்வெஹாட் ஊர்ல ஆன்டன் ட்ரேஹர் விற்க ஆரம்பிச்ச செம்பழுப்பு லாகர்தான் அதோட மூலம்.

அது மெக்சிகோவுக்கு எப்படி வந்துச்சு? ஆஸ்திரியாவிலிருந்து வந்த பேரரசர் மக்சிமிலியன் கொண்டு வந்தார்னு ஒரு கதை சுத்திட்டே இருக்கு. அவர் ஆண்டது 1864-லருந்து 1867 வரைக்கும் மூணே வருஷம், முடிவுல சுட்டுக் கொன்னுட்டாங்க. பெரிய ஆலைகள் வந்தது அதுக்கு அப்புறம். மான்டெர்ரே நகர்ல குவாவ்தெமோக் ஆலை 1890-ல தொடங்குச்சு. ஜெர்மனியில பிறந்த வில்ஹெல்ம் ஹாஸே 1897-ல காய்ச்சின பீர்தான் டோஸ் எகிஸ். 20ஆம் நூற்றாண்டு வரப்போறதைக் கொண்டாட வெச்ச பேர் அது. ரெண்டு எக்ஸ், அதாவது ரோமன் எண்ல 20. கொரோனா 1925, நெக்ரா மோடெலோ 1926. ராஜா கொண்டு வந்த கதையை விட, குடியேறின ஜெர்மன்காரங்க, ரயில், ஐஸ் மெஷின் இந்த மூணும் சேர்ந்து நடத்தின கதைதான் எனக்கு நம்பும்படியா இருக்கு.

இப்ப இந்த ரெண்டு குடும்பத்தையும் 'மெக்சிகன் லாகர்'னு ஒரே டப்பாவுல போட்டு ஒரு நம்பர் கொடுக்கறது, 'டிபன்'னு சொல்லி இட்லிக்கும் வடைக்கும் சேர்த்து மார்க் போடற மாதிரி.

இன்னொரு குற்றச்சாட்டு மக்காச்சோளம். பார்லி மால்ட்டோட மக்காச்சோளம் சேர்க்கறாங்க, அது செலவைக் குறைக்கற வேலைன்னு சொல்வாங்க. மக்காச்சோளத்தை மனுஷன் முதல்ல பயிராக்கினதே இன்றைய மெக்சிகோ மண்ணுலதான். தொழில்நுட்பமா பார்த்தா, அது ஈஸ்டுக்குச் சர்க்கரை கொடுக்கும், புரதத்தை அதிகம் கொடுக்காது. அதனால நிறம் வெளுக்கும், உடம்பு லேசாகும். லேசா இருக்கணும்னு டிசைன் பண்ண ஒண்ணை, கனமா இல்லையேன்னு ஃபெயில் பண்றது என்ன நியாயம்?

ஒரே மார்க், ரெண்டு அர்த்தம்

அமெரிக்காவுல 1985-ல தொடங்கின பிஜேசிபி-ன்னு பீர் நடுவர்களுக்கான ஒரு அமைப்பு இருக்கு. அவங்க தாள்ல மொத்தம் 50 மார்க்: வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயில படற உணர்வுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. ரேட்பீர் இணையதளத்துலயும் மொத்தம் 50தான்: வாசனை 10, தோற்றம் 5, ருசி 10, வாய் உணர்வு 5, மொத்த அபிப்பிராயம் 20.

நடுவர் தாள்ல அபிப்பிராயத்துக்கு அஞ்சுல ஒரு பங்கு. ரேட்பீர்ல அது அஞ்சுல ரெண்டு பங்கு. அதை விடப் பெரிய வித்தியாசம் கேள்வியிலயே இருக்கு. நடுவர் கேக்கறது, "இந்த ரகம் எப்படி இருக்கணுமோ அப்படி இருக்கா?" பிஜேசிபி 2015-ல வெளியிட்ட ரகப் பட்டியல்ல 'இன்டர்நேஷனல் பேல் லாகர்' ரகத்துக்கு உதாரணமா கொடுத்த பீர்கள்ல கொரோனா எக்ஸ்ட்ராவும் ஒண்ணு. அதாவது இலக்கணத்துக்கே எடுத்துக்காட்டு. ஸ்டார் போடறவர் கேக்கறது, "எனக்கு எவ்வளவு பிடிச்சது?" ரெண்டும் நல்ல கேள்விதான். ஆனா ரெண்டாவதுக்கு வந்த பதிலை முதலாவதுக்கு வந்த பதில் மாதிரி காட்டக் கூடாது. யூனிட் வேற பாஸ்.

நீங்க ருசிச்சது பீரையா, பாட்டிலையா?

கொரோனாவைத் திட்டறவங்க அடிக்கடி சொல்றது, "ஒரு மாதிரி நாறுது". அவங்க பொய் சொல்லலை. பீருக்குக் கசப்பு கொடுக்கறது ஹாப்ஸ்ங்கற கொடியோட பூ. அதுல இருந்து வர்ற ஐசோ ஆல்ஃபா அமிலங்கள் மேல வெளிச்சம் பட்டா, பீருக்குள்ள இருக்கிற ரிபோஃப்ளேவின் அந்த ஆற்றலை வாங்கி வேதிவினையைத் தொடங்கி வைக்கும். கடைசியில கந்தகம் சேர்ந்த ஒரு தயால் உருவாகும். அமெரிக்கக் காடுகள்ல ஸ்கங்க்னு ஒரு விலங்கு பீய்ச்சற நாத்தம் இருக்கே, அதுக்கு நெருங்கின சொந்தம். ஒரு லிட்டர்ல சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடிச்சிடும். நேரடி வெயில்ல நிறமில்லாத பாட்டிலை வெச்சா சில நிமிஷம் போதும். பழுப்புக் கண்ணாடி அந்த அலைநீளங்களைப் பெரும்பாலும் தடுக்கும், பச்சை ரொம்பக் கொஞ்சமா தடுக்கும், கேன் முழுசாத் தடுக்கும்.

அப்போ கடையில கண்ணாடி ஷெல்ஃப்ல டியூப்லைட்டுக்குக் கீழே மாசக்கணக்கா நின்ன பாட்டிலுக்கு ஒருத்தர் ஒரு ஸ்டார் போட்டா, அது காய்ச்சினவருக்கா, கடைக்காரருக்கா? இதுல கம்பெனியை நான் விட்டுக்கொடுக்கப் போறதில்லை. நிறமில்லாத பாட்டில் அவங்க தேர்ந்தெடுத்தது. அழகுக்காக ருசியைப் பணயம் வெச்ச அந்த முடிவுக்கு மார்க் குறைக்கறது நியாயம்தான். ஆனா அதைத் தனியா குறைங்க. அதே பீரை கேன்ல ஒரு தடவை பார்த்துட்டு அப்புறம் மொத்த மார்க் போடுங்க.

லேபிள் நாக்கை விடப் பெருசு

1964-ல அலிசன், ஊல்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், பீர் குடிக்கறவங்க வீட்டுக்கு லேபிள் இல்லாத பாட்டில்களைக் கொடுத்து மார்க் போடச் சொன்னாங்க. பிராண்டுகளுக்கு நடுவுல பெரிசா வித்தியாசம் தெரியலை. தான் வழக்கமா குடிக்கற பிராண்டுக்குக்கூட யாரும் தனியா மார்க் தூக்கிப் போடலை. அப்புறம் லேபிளோட கொடுத்தாங்க. மார்க் ஏறிடுச்சு, தன்னோட பிராண்டுக்கு நல்லாவே ஏறிடுச்சு.

2006-ல வெளிவந்த இன்னொரு ஆய்வு எம்.ஐ.டி வளாகத்துப் பப்புகள்ல நடந்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி இல்லைங்க, மாசசூசெட்ஸ். பீர்ல சில சொட்டு பால்சாமிக் வினிகர் கலந்து கொடுத்தாங்க. ருசிக்கறதுக்கு முன்னாடியே வினிகர்னு சொன்னா நிறைய பேருக்குப் பிடிக்காமப் போச்சு. ருசிச்சதுக்கு அப்புறம் சொன்னா, சொல்லாமலே குடிச்சவங்க அளவுக்குப் பிடிச்சிருந்தது. அதாவது முன்கூட்டியே தெரிஞ்ச தகவல் ருசியையே மாத்துது. ஸ்டார் பட்டியலைப் பார்த்துட்டு பீரைத் திறக்கறவருக்கு நடக்கறதும் இதுதான்.

தராசு யார் கடையில இருக்கு?

மேலே சொன்ன ரேட்பீர் 2000-ல பீர் பிரியர்கள் தொடங்கினது. 2016-ல உலகத்துலயே பெரிய பீர் கம்பெனியான ஏபி இன்பெவ்வோட முதலீட்டுப் பிரிவு அதுல பங்கு வாங்கிச்சு. வெளியில தெரிஞ்சது அடுத்த வருஷம்தான். 2019-ல முழுசா வாங்கிடுச்சு. 2025-ல தளத்தை மூடிட்டாங்க. அமெரிக்காவுக்கு வெளியே கொரோனா பிராண்டும் இதே கம்பெனி கையிலதான் இருக்கு. அமெரிக்க உரிமை மட்டும் 2013-ல போட்டிச் சட்டம் காரணமா கான்ஸ்டெலேஷன் பிராண்ட்ஸுக்குப் போச்சு. மார்க்கைத் திருத்தினாங்கன்னு நான் சொல்ல வரலை. காய்கறிக் கடைக்காரரே எடைத் துறை அதிகாரியா இருந்தா, தராசு சரியா இருந்தாலும் நமக்கு நம்பிக்கை வராதுல்ல?

சரி, எப்படித்தான் மார்க் போடறது?

மூணு டம்ளர் முறை. ரெண்டுல ஒரே பீர், ஒண்ணுல வேற பீர். பெயர் தெரியக் கூடாது, ஊத்தினவரும் பக்கத்துல நிக்கக் கூடாது. எது வேறன்னு கண்டுபிடிக்கணும். சும்மா குத்துமதிப்பா சொன்னாலே மூணுல ஒரு தடவை சரியாகும். 12 பேர் செஞ்சா தற்செயலா 4 பேர் சரியா சொல்லலாம். 7 பேர் சொன்னாலும் போதாது. அது அதிர்ஷ்டத்துலயே 100-க்கு 6, 7 தடவை வந்துடும். 8 பேர் சொன்னாத்தான் வித்தியாசம் இருக்குன்னு பேசலாம். அதுக்கு அப்புறம்தான் எது நல்லதுங்கற கேள்வியே. குடிக்காதவங்க ரெண்டு டீக்கடை டீயை வெச்சு இன்னைக்கு சாயங்காலமே செஞ்சு பாருங்க, நாக்கு மேல இருக்கிற கர்வம் போயிடும்.

செமஸ்டர்ல நம்மளைப் பாடுபடுத்தின டி-டெஸ்ட் ஞாபகம் இருக்கா? அதைக் கண்டுபிடிச்ச கோசெட் டப்ளின்ல கின்னஸ் ஆலையில வேலை பார்த்தவர். சொந்தப் பேர்ல வெளியிட ஆலை விடாததால 1908-ல 'ஸ்டூடண்ட்'ங்கற பேர்ல எழுதினார். குறைஞ்ச சாம்பிளை வெச்சு என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாதுங்கற கேள்வியே பீர் ஆலையில இருந்து வந்ததுதான்.

மத்தபடி: ஒரு சாம்பிளுக்கு 50 மில்லி போதும். ஒரு நேரத்துல அஞ்சுக்கு மேல வேண்டாம், நாக்கும் புத்தியும் மழுங்கிடும். லேசானதுல தொடங்கிக் கனமானதுக்குப் போகணும். ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தா வாசனை எழும்பாது. எலுமிச்சைத் துண்டு வேண்டாம். அது மணக்க ஆரம்பிச்சா மத்த எதுவும் தெரியாது.

21 தாண்டினவன்ங்கற முறையில என் தீர்ப்பு இது. கேன்ல வந்த கொரோனா: லேசான தானிய இனிப்பு, கசப்பு குறைவு, சட்டுனு முடிஞ்சிடும். தன் ரகத்துக்குள்ள பாஸ், டிஸ்டிங்ஷன் இல்லை. மோடெலோ எஸ்பெசியால் அதை விடக் கொஞ்சம் மால்ட் நிறைவு. நெக்ரா மோடெலோதான் என் தேர்வு: வறுத்த ரொட்டி, லேசான கேரமல் வாசனை, சாப்பாட்டோட ஒத்துப்போகும். பக்கத்துல செக் நாட்டு பில்ஸ்னர் உர்குவெல்லை வெச்சுப் பார்த்தா விஷயம் புரியும். அதுவும் எஸ்பெசியாலும் ஒரே 4.4 சதவீதம், ரெண்டும் மஞ்சள் லாகர். ஆனா 1842-லருந்து அது கசப்புக்காகவே பேர் வாங்கினது. ஒண்ணோட அளவுகோல்ல இன்னொண்ணை அளந்தா ரெண்டுமே தோத்துடும்.

அதனால அடுத்த தடவை ஸ்டார் போடறதுக்கு முன்னாடி கூடவே நாலு விஷயம் எழுதுங்க: எந்த ரகம், பாட்டிலா கேனா, எவ்வளவு குளிர்ல, லேபிள் தெரிஞ்சா தெரியாமலா. இது எதுவும் தெரியலைன்னா "எனக்குப் பிடிச்சது", "பிடிக்கலை"ன்னு மட்டும் எழுதுங்க. அது போதும். நம்பர் மட்டும் வேண்டாம்.