ஹஸக் என்னும் சொல்

மோசே காலமாகிவிட்டார். ஜனங்களை நாற்பது வருஷம் வனாந்தரத்தில் நடத்தி வந்த தலைவர் அவர். எதிரே யோர்தான் நதி. அக்கரையில் மதில் சூழ்ந்த நகரங்கள். பொறுப்பு முழுவதும் யோசுவாவின் தலைமேல் விழுந்தது. அந்தச் சமயத்தில் கடவுள் அவருக்கு அருளிய சொற்கள் இரண்டு: ஹஸக், எமத்ஸ். வலிமையோடு இரு, தைரியமாய் இரு என்பது பொருள். பழைய ஏற்பாட்டில் யோசுவாவின் புஸ்தகம் முதல் அத்தியாயத்திலேயே இக்கட்டளை மூன்று முறை வருகிறது. நான்காம் முறை அதைச் சொல்பவர்கள், யோசுவாவுக்குக் கீழ்ப்படிவதாக வாக்களித்த ஜனங்கள்! தலைவனுக்கும் தைரியம் சொல்ல ஆள் வேண்டியிருக்கிறது.

ஆனால் இந்த எபிரேயச் சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. அடிமைகளை விடுவிக்க மறுத்த பார்வோனின் இருதயம் கடினப்பட்டது என்று யாத்திராகமம் சொல்கிறதல்லவா? அங்கே மூலத்தில் பல இடங்களில் காணப்படுவது இதே ஹஸக்தான். மற்றச் சொல்லும் அப்படியே. ஏழைச் சகோதரனைக் கண்டு நெஞ்சைக் கல்லாக்கிக் கொள்ளலாகாது என்று உபாகமம் 15-ம் அத்தியாயம் தடுக்கும் இடத்தில், எமத்ஸ் பிறந்த அதே வேர்ச்சொல் ஆளப்பட்டிருக்கிறது.

தமிழருக்கு இது விநோதமாகத் தோன்றாது. அமைச்சனுக்கு வேண்டிய குணங்களில் வன்கண்ணையும் சேர்த்தார் திருவள்ளுவர். ஈந்து மகிழத் தெரியாமல் பொருளைப் பூட்டி வைத்து இழப்பவர்களை வன்கணவர் என்றவரும் அவரே. அஞ்சாமையும் இரங்காமையும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன.

அப்படியானால் எது வீரம், எது வெறும் கல்நெஞ்சு? இதற்கு விடையும் ஹஸக்கிலேயே இருக்கிறது. அதன் வினை வடிவம் ஒன்றுக்குக் கையை இறுகப் பற்றுதல் என்று அர்த்தம்; பழுது பார்த்தல் என்றும் அர்த்தம். கி.மு. 5-ம் நூற்றாண்டில், இடிந்து கிடந்த எருசலேம் மதிலை ஜனங்கள் மீண்டும் எழுப்பிய வரலாற்றை நெகேமியாவின் புஸ்தகம் கூறுகிறது. அதன் மூன்றாம் அத்தியாயத்தில் இந்த வினை திரும்பத் திரும்ப வருகிறது. பொற்கொல்லர், வாசனைத் திரவியம் செய்வோர், வர்த்தகர் எல்லோரும் ஆளுக்கொரு பகுதியைச் செப்பனிட்டனர். ஓரிடத்தில் ஒரு தகப்பனோடு அவன் பெண்மக்களும் வேலை செய்தார்கள். அவர்கள் கையில் ஹஸக் என்பது கல்லும் சாந்துமாக இருந்தது.

யூதர்களின் ஜெபாலயங்கள் பலவற்றில் இன்றும் ஓர் அழகிய வழக்கம் உண்டு. ஐந்து ஆகமங்களில் ஒன்றைச் சபையில் வாசித்து முடித்ததும், எல்லோரும் எழுந்து நின்று ஹஸக், ஹஸக் என்று முழங்குகிறார்கள். அத்துடன் நிறுத்துவதில்லை, நாம் ஒருவரையொருவர் பலப்படுத்துவோமாக என்னும் கருத்துள்ள சொல்லையும் சேர்த்தே முடிக்கிறார்கள். பார்வோனுக்கு அந்த மூன்றாவது சொல் தெரியாமற் போயிற்று.